வார இறுதியில் மூன்று குரல் பாட்டுப் பட்டறை, சங்கீதம் தெரியாதவன் போகலாமா?

கட்டைக்குரல்:
வணக்கம் மக்களே. நான் இருப்பது பிரிஸ்டல் பக்கம். கூட வேலை பார்க்கிற ஒரு அம்மா இங்கே ஒரு கொயரில் (சேர்ந்து பாடுகிற குழு) பாடுகிறார். அடுத்த மாதம் சனி ஞாயிறு இரண்டு நாள் ஜார்ஜிய நாட்டுப்பாட்டுப் பட்டறை இருக்கிறது, வா வா என்று மூன்று வாரமாக விடாமல் கூப்பிடுகிறார். (ஜார்ஜியா என்றால் அமெரிக்காவில் இருப்பது இல்லை, காகசஸ் மலைப்பக்கத்து நாடு. எனக்கும் முதலில் குழப்பம்தான்.) மூன்று குரலாகப் பிரிந்து பாடுவார்களாம், வாத்தியம் கிடையாதாம், நோட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டாமாம், பாடச் சொல்லிப் பார்த்து ஆள் எடுக்கிற வேலையும் இல்லையாம். என் சங்கீத வரலாறு என்ன என்றால், ஒன்பதாம் வகுப்பில் குரல் உடைந்த சமயத்தில் ஆண்டு விழாவுக்குப் பாடப் போய், வாத்தியார் "நீ சும்மா வாயை மட்டும் அசைடா" என்றார், அன்றோடு குளியலறைக்குள் போனவன் இன்னும் வெளியே வரவில்லை. கட்டணம் தொண்ணூறு பவுண்டு. போகலாமா, இல்லை அந்தக் காசுக்குக் குடும்பத்தோடு ஒரு நாள் எங்கேயாவது போய் வருவது மேலா? போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நாஞ்சில் ஆல்ட்டோ:
தாராளமாகப் போங்கள் தம்பி. ஜார்ஜியப் பாட்டு எனக்குத் தெரியாது, ஆனால் நாகர்கோவிலில் சிஎஸ்ஐ கொயரில் பதினெட்டு வருடம் ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடியவள் என்பதால் பார்ட்ஸ், அதாவது குரல் பிரித்துப் பாடுவதைப் பற்றி ஒன்றைச் சொல்கிறேன். நம் காது மெட்டைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற காது. கீர்த்தனை பாடும்போது சபை முழுக்க ஒரே மெட்டுதான், அதில் வளர்ந்தவர்கள் மேற்கத்திய மெட்டுப் பாமாலைக்கு வந்து நான்கு குரலாகப் பிரிய வேண்டும் என்றால் முதல் இரண்டு மாதம் சிரிப்பாய்ச் சிரிக்கும். நானும் அப்படித்தான், வரி ஆரம்பிக்கும்போது ஆல்ட்டோவில் இருப்பேன், முடியும்போது மெட்டைப் பாடுகிற சோப்ரானோவில் நிற்பேன், நடுவில் எங்கே தாவினேன் என்று எனக்கே தெரியாது. கொயர் மாஸ்டர் திட்டவே மாட்டார், என்னை அப்படியே பார்ப்பார், அதுதான் தாங்காது.

எங்களுக்கு டோனிக் சோல்ஃபா இருந்தது, டோ ரே மி எழுத்துகளை வைத்தே நான்கு பார்ட்டையும் எழுதிவிடுவது. இங்கிலாந்தில் நார்விச்சில் சாரா குளோவர் என்ற அம்மா ஆரம்பித்ததை ஜான் கர்வென் 19ஆம் நூற்றாண்டில் எடுத்து வளர்த்தார், மிஷனரிமார் வழியாக நம் ஊர் வரை வந்து சேர்ந்தது. உங்கள் பட்டறையில் அதுவும் இருக்காது போல, காதால் மட்டும்தான். ஒரு விதத்தில் அதுவே நல்லது. காகிதம் கையில் இருந்தால் கண் அதைப் பார்க்கும், காது தூங்கிவிடும்.

சுருதிப்பெட்டி:
நண்பர் ஏற்கெனவே கர்நாடக சங்கீதம் கற்றவராக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நான் பாட்டு ஆசிரியர். என் மாணவி ஒருத்தி வெளிநாட்டில் இப்படி ஒரு கொயரில் சேர்ந்தாள், எந்த சுரத்தையும் அசைக்காமல் கம்பி மாதிரி நிறுத்து, கமகம் வேண்டாம் என்று அவளிடம் சொல்லிச் சொல்லியே இரண்டு வருட உழைப்பைக் கழற்றிவிட்டார்கள். மேற்கத்திய ஹார்மனி என்பது பியானோவின் பன்னிரண்டு சமக் கட்டங்களுக்குள் அடைபட்டது. நம் காந்தார சுரத்தைக் கொண்டுபோய் அதில் வைத்தால் அது காந்தாரமே இல்லை. இவருக்கு இழக்க எதுவும் இல்லை என்பதால் போகலாம், தப்பாக நினைக்க வேண்டாம்.

கட்டைக்குரல்:
தப்பாக எல்லாம் நினைக்கவில்லை சார், இவ்வளவு ஆறுதலாக யாரும் எனக்குச் சொன்னதே இல்லை.

பறைக்குச்சி:
அண்ணா, மதுரையிலிருந்து எழுதுகிறேன். இங்கே வாராவாரம் சனி ஞாயிறு எங்காவது பறைப் பயிற்சி நடக்கிறது, நானும் அப்படிப் போய்க் கற்றவன்தான். முதல் இரண்டு நாளில் என்ன வரும் தெரியுமா? அடிக்குச்சியையும் சுண்டுக்குச்சியையும் விரலுக்குள் சரியாகப் பிடிக்க வரும், ஒரு அடி வரும், தோள்பட்டை வலி வரும். தோலைத் தீயில் காய்ச்சிச் சத்தம் ஏற்றுவது எப்போது போதும் என்று காதுக்குப் பிடிபடவே ஆறு மாதம் ஆனது. இரண்டு நாளில் ஒரு நாட்டின் பாட்டைக் கற்றுத் தருகிறோம் என்பதெல்லாம் கொஞ்சம் அதிகம். அதுவும் தொண்ணூறு பவுண்டுக்கு! சம்பளம் வாங்குகிற வெள்ளைக்காரர்களுக்கு வார இறுதியில் ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான். நம் நடவுப்பாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி எல்லாம் சொல்லித்தர ஆள் இருந்தும் கற்க ஆள் இல்லாமல் கிடக்கிறது, நீங்கள் காகசஸ் வரைக்கும் போகிறீர்கள். கோபத்தில் எழுதவில்லை, ஆதங்கம்.

தேன்நாட்டான்:
நான் மட்டக்களப்பு, இப்ப லண்டன் ஹாரோவில் இருக்கிறன். இந்தப் பட்டறைகளுக்கு இரண்டு தரம் போயிருக்கிறன், அதால் கொஞ்சம் சொல்லலாம்.

முதலில் தம்பி பறைக்குச்சிக்கு. இரண்டு நாளில் ஒரு நாட்டின் பாட்டு வராது, அதை அங்கேயே முதல் அரை மணித்தியாலத்தில் சொல்லிப்போடுவினம். மூன்று பாட்டு, கூடிப்போனால் நாலு. இங்கிலாந்தில் இந்த மாதிரி, யாரும் பாடலாம், தேர்வு இல்லை என்ற போக்கு 1970களில் வளர்ந்தது. ஃபிராங்கி ஆம்ஸ்ட்ராங் என்ற நாட்டார் பாடகி 1975 அளவில் குரல் பட்டறைகளைத் தொடங்கினவர், அவர் வழியில் வந்த ஆட்கள்தான் இப்ப ஊரூராகக் கொயர் நடத்துகினம். தாளில் எழுதித் தரமாட்டினம், ஒரு வரி பாடுவினம், நாங்கள் திருப்பிப் பாடவேணும். எங்கட ஊரில் அண்ணாவியார் கூத்துப் பழக்கிறது எப்படி? அதே வழிதான்.

சுருதிப்பெட்டி ஐயாவுக்கும் ஒன்று. ஜார்ஜியப் பாட்டு பியானோக் கட்டத்துக்குள் இல்லை. பழைய பாடகர்களின் பதிவுகளைக் கேட்டால் காந்தாரம் கீழே நிற்கிற சாதாரணமும் இல்லை, மேலே நிற்கிற அந்தரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். அந்த இடைவெளிகளை எப்படி அளப்பது என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கினம். பட்டறையில் எங்கட வாத்தியார் பெண்பிள்ளை செய்த முதல் வேலை, ஹாலில் இருந்த பியானோவைப் பூட்டித் திறப்பைப் பையுக்குள் வைத்தது.

சுருதிப்பெட்டி:
அப்படியா. தெரியாமல் பேசிவிட்டேன், பியானோ விஷயத்தை வாபஸ் வாங்குகிறேன். கமக விஷயத்தை வாங்கவில்லை.

கட்டைக்குரல்:
போய்விட்டு வந்துவிட்டேன். நீளமாக எழுதப் போகிறேன், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஒரு பழைய தேவாலயத்து ஹால். ஹீட்டர் வேலை செய்யவில்லை, எல்லோரும் கோட்டோடு நின்றோம். முப்பது பேர் இருக்கும், பாதிக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள், நான் ஒருவன்தான் நம் நிறம். வட்டமாக நிற்கச் சொன்னார்கள். முதல் அரை மணி நேரம் கொட்டாவி விடுவது, உதட்டை ஒட்டிப் பிள்ளைகள் மாதிரி புர்ர்ர் என்பது, இதுதான். அப்புறம் ஒரு நாப்பழக்கம், தவளை தண்ணீரில் கத்துகிறது என்று பொருளாம், "பகாகி த்ஸ்கல்ஷி கிகினெப்ஸ்". இதில் வருகிற அந்தக் க, நம் க இல்லை. தொண்டைக்குழிக்குள் எதையோ உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். முப்பது பேரும் தவளை ஆனோம். நான் பதிலுக்கு "ஓடுற நரியில ஒரு நரி கிழநரி" சொல்லிக் கொடுத்தேன், அந்த ழ அவர்களுக்குச் சாயங்காலம் வரை வரவில்லை, மனதுக்கு நிறைவாக இருந்தது.

முதல் பாட்டு கிழக்கே ககேத்தி என்ற பகுதியின் விருந்துப் பாட்டு. திராட்சை விளைகிற ஊர், விருந்தில் தமாதா என்று ஒருவர் தலைமை வகித்து ஒவ்வொன்றாக வாழ்த்துச் சொல்லக் கோப்பை தூக்குவார், நடுநடுவே பாட்டு. "மிரவல்ஜாமியெர்" என்று வருகிற வகைக்குப் பல வருடம் வாழ்க என்று அர்த்தம், நம் பல்லாண்டுதான். அமைப்பு எப்படி என்றால், மேலே இரண்டு குரல், ஆளுக்கு ஒருவர், வளைத்து நெளித்துப் பாடுவார்கள் (சுருதிப்பெட்டி சார், கமகம் மாதிரியேதான் இருந்தது, நீங்கள் கேட்டிருக்க வேண்டும்). கீழே மற்ற எல்லோரும் சேர்ந்து ஒரே நீண்ட சுரம், அதற்குப் பெயர் பானி. 1977ல் வாயேஜர் விண்கலத்தில் தங்கத்தட்டில் பதிந்து அனுப்பினார்களே, அதில் நம் நாட்டு ஹிந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரோடு இந்த ஊர் விருந்துப் பாட்டு ஒன்றும் போயிருக்கிறது.

என்னைப் பானியில் போட்டார்கள். சும்மா ஓஓஓ என்று நிற்க வேண்டியதுதானே, சுலபம் என்று நினைத்தேன். சுலபம் இல்லை. மேலே மெட்டு அசைந்தால் இவனும் கூடவே கிளம்பிவிடுகிறான். அவர்கள் ஏறினால் நானும் அரை இஞ்ச் ஏறுவேன், அவர்கள் மூச்சு வாங்கினால் நானும் வாங்குவேன், மொத்தமும் ஓட்டை விழும். ஆள் மாற்றி ஆள் மூச்சு வாங்க வேண்டுமாம், பக்கத்தில் இருப்பவர் வாங்கும்போது நாம் வாங்கக் கூடாதாம். இரண்டு மணி நேரம் இதே வேலை. அப்போதுதான் நினைப்பு வந்தது, இது நம் நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவர் வேலை. கரூரில் எங்கள் ஊர்க் கோயிலில் ஒத்துக்காரர் ஒருவர் இருந்தார், கன்னம் உப்ப, கண் எங்கேயோ பார்த்தபடி, மூச்சு எப்போது இழுத்தார் என்றே தெரியாமல் ஊதிக்கொண்டு இருப்பார். ஒரு நாளும் யாரும் அவருக்குச் சபாஷ் சொல்லிப் பார்த்ததில்லை. பிறகு சுருதிப்பெட்டி வந்தது (சார் மன்னிக்கணும்), அவர் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள், நம் பேச்சில் ஒத்து ஊதுறான் என்றால் திட்டு. பின்பாட்டு பாடுறான் என்றால் திட்டு. ஜால்ரா, கேட்கவே வேண்டாம். கூட நின்று தாங்குகிற வேலை எதையும் விட்டுவைக்கவில்லை நாம்! அங்கே என்னடா என்றால் விருந்தில் மேசையில் இருக்கிற அத்தனை பேரும் பானிதான், அது இல்லாமல் மேலே பாடுகிறவர் வாயைத் திறக்கவே மாட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை மலைப்பகுதியான ஸ்வானேத்திப் பாட்டு. அங்கே இந்த நிற்கிற சுரம் கிடையாது, மூன்று குரலும் ஒரே அடியில் சேர்ந்து நகரும். ச, ம, ப மூன்றையும் ஒரே நேரத்தில் பாடவைத்தார்கள். ம-வும் ப-வும் பக்கத்துப் பக்கத்தில் உரசுகிறது, தலைக்குள் ஈ பறக்கிற மாதிரி. நான் தப்பாகப் பாடுகிறேன் என்று நினைத்து இறங்கினேன். "இறங்காதே, அங்கேதான் நிற்க வேண்டும், உரசட்டும்" என்றார் வாத்தியார். பாட்டு முடிகிற இடத்தில் எல்லோரும் ஒரே சுரத்தில் வந்து விழுந்தோம் பாருங்கள், அந்த ஒரு நொடிக்குத் தொண்ணூறு பவுண்டு கொடுக்கலாம்.

பிடிக்காததும் இருக்கிறது. மதியச் சாப்பாடு ஆளாளுக்கு ஒன்று கொண்டுவந்து பகிர்வது, எலுமிச்சை சாதத்தைத் தவிர எதிலும் உப்பு இல்லை. எலுமிச்சை சாதம் நான் கொண்டுபோனது. அப்புறம், பாட்டின் அர்த்தத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், எங்கே யார் எப்போது பாடுவது என்று துருவித் துருவிக் கேட்டால்தான் வருகிறது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவரே நிறுத்திக் கதை சொன்னார், அதை எழுதாமல் விட முடியாது. பிள்ளைக்கு அம்மை போட்டால் பாடுகிற பாட்டு. பத்தோனெபி, அதாவது எஜமானர்கள், அப்படித்தான் அந்த நோய்க்கு மரியாதையாகப் பெயர். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் அவர்கள், கோபப்படுத்தக் கூடாது, பூவும் இனிப்பும் வைத்துத் தாலாட்டு மாதிரி பாடி மகிழ்வித்து அனுப்ப வேண்டும். பாட்டில் இயா, வர்தி என்று வருகிறது, வயலட் பூ, ரோஜா.

எனக்கு ஏழு வயதில் அம்மை போட்டபோது பாட்டி வேப்பிலையால் தடவிக்கொண்டு மாரியம்மன் தாலாட்டுப் பாடியது அப்படியே காதில் வந்தது. வீட்டில் தாளிக்கக் கூடாது, ஆத்தா வந்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டும், நோய் என்ற சொல்லே வாயில் வராது. இதை அந்த வட்டத்தில் சொன்னேன். வாத்தியார் பாடிக் காட்டச் சொன்னார். நான்கு வரி பாடினேன். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு ஆட்கள் முன்னால் தனியாகப் பாடியது அதுதான். மற்ற இருபத்தொன்பது பேரும் சொல்லாமலே கீழே பானி பிடித்தார்கள். இதற்கு மேல் எழுத வரவில்லை.

தேன்நாட்டான்:
வாசிச்சுப் போட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன். எங்கட மட்டக்களப்பில் வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்தி நடக்கும். மதுரையை எரித்து வந்தவளைப் பாட்டுப் பாடிக் குளிரப்பண்ணுறது. அவள் குளிர்ந்தால் ஊரில் அம்மை, வெக்கை நோய் அடங்கும் என்று நம்பிக்கை. அம்மா அந்தக் காலத்தில் கோயிலில் இருந்து கொண்டுவந்த தண்ணியை எங்கள் தலையில் தெளிப்பா.

பறைக்குச்சி:
சரி அண்ணா, பொழுதுபோக்கு என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன், இந்த இழையில் வாபஸ் சீசன் போல. ஆனால் ஒரு கேள்வி. பாட்டியின் தாலாட்டுக்கு அடியில் பானி வைத்தது உங்களுக்குப் பிடித்திருக்கிறது. நாளைக்கு ஒருத்தர் ஒப்பாரிக்கு நான்கு பார்ட் எழுதி மேடையில் கொயராக நிறுத்தினால்? ஒப்பாரியில் பெண்கள் கட்டிப்பிடித்து அழும்போது ஆளுக்கு ஒரு சுரத்தில்தான் இருப்பார்கள், ஒருத்தி முந்துவாள், ஒருத்தி பிந்துவாள், அந்த மோதல்தான் அதன் அழகு. அதைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டால் என்ன மிச்சம்? நடவுப்பாட்டும் அப்படித்தான், ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாட, நடுவில் குலவை. அதற்குள் ஹார்மனியைச் சொருக வேண்டிய அவசியம் என்ன?

நாஞ்சில் ஆல்ட்டோ:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்காகத் தமிழில் பார்ட்ஸே கூடாது என்றும் இல்லை. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் மெட்ராஸ் யூத் கொயரை வைத்துக்கொண்டு தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் எத்தனை பாட்டைப் பல குரலாகப் பாடவைத்தார். பெரும்பாலும் முறையாகச் சங்கீதம் படிக்காத இளைஞர்கள். 1988ல் லட்சத்தீவுக்குப் பிள்ளைகளுக்குக் கூட்டுப்பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில்தான் இறந்தார். ஒப்பாரியை விட்டுவிடலாம். பாட்டே யாருக்கும் தெரியாமல் போவதைவிட, மேடைக்கு இல்லாமல் நாலு பேர் வட்டமாக நின்று பாட ஒரு ஏற்பாடு என்றால் நான் வருவேன்.

சுருதிப்பெட்டி:
ச ம ப ஒரே நேரத்தில் என்பதை நேற்று இரவு தம்புராவை மத்யம சுருதியில் மீட்டி, கூடவே பஞ்சமத்தைப் பிடித்துப் பாடிப் பார்த்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து "உடம்புக்கு முடியலையா" என்று கேட்டாள். ஆனால் மூன்றாவது நிமிடத்தில் காது பழகிவிட்டது என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

கட்டைக்குரல்:
சார், அதே ஈ பறந்ததா? :)

இன்னொரு சந்தேகம். பட்டறை முடிந்து வீட்டுக்கு வந்தால் பாட ஆள் இல்லை. ஒவ்வொரு பார்ட்டையும் போனில் தனித்தனியாகப் பதிந்து வைத்திருக்கிறேன், அதோடு பாடினால் பதிவில் இருப்பவர் என்னைக் கேட்கப் போவதில்லையே, நான்தான் ஒருதலையாக அவரைத் துரத்துகிறேன். தனியாகப் பழக வழி இருக்கிறதா?

தேன்நாட்டான்:
இருக்குது, அதுக்கு ஒரு கதையும் இருக்குது. அர்த்தெம் எர்கோமைஷ்விலி என்று ஒரு கிழவர், மேற்கே குரியா பகுதிக்காரர், பழைய தேவாலயப் பாட்டு நூற்றுக்கணக்கில் மனப்பாடம். சோவியத் காலத்தில் தேவாலயப் பாட்டை அடக்கி வைத்ததால் கூடப் பாடின ஆட்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து இவர் ஒருத்தர்தான் மிச்சம். மூன்று குரல் பாட்டுக்கு ஒரு ஆள்! 1966ல் தலைநகர் திபிலிசியின் இசைக் கல்லூரியில் அவரை இருத்தி டேப் ரெக்கார்டரில் முதல் குரலைப் பாடச் சொன்னவை. அதைப் போட்டுக் கேட்டபடி இரண்டாவதைப் பாடினார், பிறகு அந்த இரண்டோடும் மூன்றாவதை. நூறு பாட்டு வரை அப்படித் தன்னோடு தானே பாடினார். அடுத்த வருஷம் செத்துப்போனார். அவற்ற பேரன் அன்சோர்தான் ருஸ்தாவி என்ற பாட்டுக் குழுவை 1968ல் தொடங்கினவர். இப்ப பாடுற ஜார்ஜியத் தேவாலயப் பாட்டுகளில் கனக்க அந்த நாடாவில் இருந்து வந்ததுகள்தான்.

அதால் போனை வைத்தே பழகலாம். பானியை முதலில் நீங்களே பாடிப் பதியுங்கோ, அதுக்கு மேலே மற்றதைப் போடுங்கோ. ஒரு காதில் மட்டும் இயர்போன் வையுங்கோ, மற்றக் காது உங்களுக்கு.

பறைக்குச்சி:
நூறு பாட்டா... தன்னோடு தானே. இதை எங்கள் ஆசானிடம் காட்ட வேண்டும், அவரிடம் இருக்கிற அடிகளையும் பாட்டுகளையும் பதிய வேண்டும் என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், போன் எல்லோர் கையிலும் இருக்கிறது. இந்த ஞாயிறு போகிறேன்.

கட்டைக்குரல்:
போங்கள் தம்பி, தள்ளிப்போட வேண்டாம்.

நேற்று வீட்டில் முயற்சி செய்தோம். மகள் (பன்னிரண்டு வயது, ஸ்கூல் கொயர்) மேல் குரல், நான் நடுக்குரல். பானிக்கு ஆள் வேண்டும் என்று மனைவியைக் கேட்டால், கல்யாணமான நாளிலிருந்து உங்களுக்கு ஒத்து ஊதியது போதும் என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். ஆகவே பிரிஸ்டல், பாத், கார்டிஃப் பக்கம் யாராவது இருந்தால் தனிமடல் போடுங்கள், சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் வீடு. கட்டணம் இல்லை, எலுமிச்சை சாதம் உண்டு. குரல் கட்டையாக இருந்தால் ரொம்ப நல்லது.